ஈரலில் நீர்க்கட்டிகள்: ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா?



சென்ற ஆண்டு ஆடி மாதம் நமது கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் அவசரக் கடன் கேட்டு ஒரு மனு வந்தது. கேட்ட தொகை 1,20,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் "ஈரல் கட்டி ஆபரேஷன்" என்று எழுதியிருந்தது. கேட்டவர் 47 வயது அக்கா. மூன்று பிள்ளை பெற்றவர். ஆடு வளர்ப்புக்கு வாங்கிய கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தவர். அதனால் கடன் கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. ஆனால் ஆபரேஷன் என்றதும் கூட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு.

"ஈரல்ல கத்தி வெச்சா பொழைக்கவே மாட்டாங்க" என்றார் ஒருவர். "கட்டின்னாலே கேன்சர்தான், உடனே எடுத்துடணும்" என்றார் இன்னொருவர். "நீர்க்கட்டி என் மகளுக்கும்தான் இருக்கு, மாத்திரையிலயே சரியாயிடும்" என்றார் மூன்றாமவர்.

மூன்றுமே சரியில்லை. அந்த அக்காவோடு நானும் குழு ஊக்குநரும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மூன்று முறை போய்வந்தோம். அங்கே டாக்டர்கள் பொறுமையாகச் சொன்னதையும், பிறகு நாங்கள் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். "பேரு, ஊரு போடாதீங்க. விஷயத்தை மட்டும் எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

இது என்ன நோய்?

ஈரலில் ஒன்றிரண்டு நீர்க்கட்டி இருப்பது பலருக்கும் உண்டு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். அதனால் பெரும்பாலும் ஒரு கெடுதலும் இல்லை. அப்படி இல்லாமல், திராட்சைக் கொத்து போல ஈரல் முழுக்கப் பத்து, இருபது, நூறு என்று கட்டிகள் நிறைந்திருந்தால் அதைத்தான் பல நீர்க்கட்டி ஈரல் நோய் என்கிறார்கள். ஒவ்வொரு கட்டியும் நுங்குக் கண் மாதிரி. மெல்லிய தோல், உள்ளே தெளிந்த நீர்.

இது பரம்பரையாக வருவது. சாராயம் குடிப்பதால் வருவதல்ல, தொற்றிக்கொள்வதும் அல்ல. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் இருந்து ஈரலிலும் வருவது. அதிகம் காண்பது இதுதான். சிறுநீரக நீர்க்கட்டி நோய் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏற ஈரலிலும் கட்டிகள் தோன்றும். இன்னொன்று, ஈரலில் மட்டும் வருவது. இது மிகவும் அரிது.

ஒரு முக்கியமான விஷயம். கட்டிகள் எவ்வளவு இருந்தாலும், இடையில் இருக்கும் நல்ல ஈரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சரியாகவே வரும். இது கேன்சர் அல்ல. தொந்தரவு கொடுப்பது கட்டியின் பருமன்தான். சாதாரணமாக ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும் ஈரல், இந்த நோய் முற்றிய சிலருக்கு எட்டு, பத்து கிலோ வரைகூடப் பெருத்துவிடும்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த நோய் வரும். ஆனால் ஈரல் பெரிதாகப் பெருத்துச் சிரமப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இந்தக் கட்டிகளை வளர்க்கிறது. பல முறை கர்ப்பமானவர்களுக்கும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கும் கட்டிகள் அதிகம் வளர வாய்ப்பு உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு வளர்ச்சி வேகம் குறையும்.

ஆகவே இந்த நோய் இருப்பவர்கள் கருத்தடை மாத்திரையும், மாதவிலக்கு நின்ற பிறகு கொடுக்கும் ஹார்மோன் மாத்திரையும் டாக்டரிடம் நோயைச் சொல்லிக் கேட்காமல் எடுக்கக்கூடாது. காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழிகள் இருக்கின்றன.

என்ன தொந்தரவு வரும்?

பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றுமே தெரியாது. பெருத்தவர்களுக்கு வயிறு உப்பி நிற்கும். இரண்டு வாய் சோறு உண்டதும் வயிறு நிறைந்துவிடும். நெஞ்சு கரிக்கும். குனிந்து நாற்று நட முடியாது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், முதுகு வலிக்கும். சிலருக்குக் கால் வீங்கும், தொப்புள் பிதுங்கும். சாப்பாடு குறைவதால் கை கால் இளைத்து வயிறு மட்டும் பெரிதாகத் தெரியும்.

நம் அக்காவின் நிலை இதுதான். "பஸ்ல எந்திரிச்சு எடம் கொடுக்குறாங்க. எத்தனை மாசம்னு கேக்குறாங்க. பேரன் எடுத்த பொம்பளை நான் என்ன சொல்றது?" என்று அழுதார். இரண்டு வருடமாக அவர் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. குழுக் கூட்டத்துக்கு மட்டும்தான் வருவார்.

சில சமயம் கட்டிக்குள் ரத்தம் கசிந்து திடீரென்று கடுமையாக வலிக்கும். கட்டியில் கிருமி சேர்ந்தால் வலது விலாவுக்குக் கீழே வலியோடு குளிர் காய்ச்சல் வரும். மஞ்சள் காமாலையும் வரலாம். இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக்கூடாது.

முதலில் எந்தக் கட்டி என்று உறுதி செய்யுங்கள்

"நீர்க்கட்டி" என்ற ஒரே சொல்லை நாம் பலவற்றுக்கும் சொல்கிறோம். சூலகத்தில் வரும் பி.சி.ஓ.டி. வேறு, ஈரல் கட்டி வேறு. ஒன்றுக்கான மாத்திரை மற்றொன்றுக்கு உதவாது.

ஆடு மாடு, நாய் வளர்க்கும் நம் போன்றவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். நாயின் குடலில் இருக்கும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை, கழுவாத கை வழியாகவும் கீரை வழியாகவும் நம் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி வரும். அதுவும் ஸ்கேனில் நீர்க்கட்டியாகத்தான் தெரியும். அதை என்னவென்று பார்க்காமல் ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் நீர் கசிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். எனவே ஊசி போடும் முன்பே "இது புழுக்கட்டி இல்லைன்னு உறுதியா தெரியுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

வயிற்று ஸ்கேன் எடுத்தால் ஈரலோடு சிறுநீரகத்தையும் பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ரத்த அழுத்தமும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டுமா?

வேண்டாம். தொந்தரவு இல்லாதவர்களுக்கு எதுவுமே செய்யத் தேவையில்லை. ஸ்கேன் படத்தில் கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்யக்கூடாது. ஆபரேஷன் நோயைத் துடைத்து எடுத்துவிடாது. பருமனைக் குறைத்து வாழ்க்கையை எளிதாக்குவதுதான் அதன் வேலை. "ஈரல்ல எத்தனை கட்டி இருக்குன்னு நான் பார்க்கிறதில்லை. உங்களால சாப்பிட முடியுதா, நடக்க முடியுதா, தூங்க முடியுதான்னுதான் பார்க்கிறேன்" என்று டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சு எங்களுக்கு நன்றாகப் புரிந்தது.

என்னென்ன வழிகள்? நன்மை என்ன, ஆபத்து என்ன?

1. ஊசி மருந்து. ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு என்ற மருந்துகளை நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். ஈரலின் பருமன் நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு குறையும். கொஞ்சம்தான் என்றாலும் சிலருக்கு நல்ல சுகம் தெரியும். மருந்தை நிறுத்தினால் மறுபடி வளரும். விலை அதிகம். வயிற்றுப்போக்கு, பித்தப்பைக் கல் வரலாம்.

2. ஊசியால் நீரை எடுத்து மருந்து செலுத்துவது. ஒரே ஒரு பெரிய கட்டிதான் தொந்தரவு என்றால் இது ஏற்றது. மயக்க மருந்து, பெரிய காயம் இல்லை. ஆனால் கவனியுங்கள்: நீரை மட்டும் எடுத்தால் போதாது. உள்தோல் மறுபடி நீர் சுரக்காமல் இருக்க ஆல்கஹால் போன்ற மருந்தை உள்ளே செலுத்த வேண்டும். நம் அக்காவுக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நீரை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மூன்றே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. அந்தப் பணத்துக்கு அவர் இரண்டு ஆடு விற்றிருந்தார்.

3. கட்டியின் கூரையைத் திறந்துவிடும் ஆபரேஷன். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வைத்துப் பெரும்பாலும் செய்கிறார்கள். ஈரலின் மேற்பரப்பில் இருக்கும் பெரிய கட்டிகளின் மேல் தோலை வெட்டி எடுத்துவிடுவார்கள். பானையின் மேல்பாதியை உடைத்துவிட்டால் அதில் தண்ணீர் தேங்காது இல்லையா, அது போல. பிறகு சுரக்கும் கொஞ்ச நீரை வயிறே உறிஞ்சிக்கொள்ளும்.

நன்மை: 2010-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பின்படி, நூறு பேரில் 92 பேருக்கு உடனே சுகம் கிடைத்தது. ஆபத்து: நூறில் 23 பேருக்கு ஏதாவது சிக்கல் வந்தது. வயிற்றில் நீர் சேருதல், பித்தநீர் கசிதல், ரத்தப்போக்கு, கிருமித் தொற்று ஆகியவை அவை. நூறில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கட்டி திரும்ப வந்தது. ஈரலின் உட்புறத்திலோ பின்பக்க மேல்பகுதியிலோ இருக்கும் கட்டிகளுக்கும், எண்ணற்ற சிறு கட்டிகளுக்கும் இந்த முறை பயன் தராது.

4. ஈரலின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது. ஒரு பக்கம் முழுக்கக் கட்டி, மறுபக்கம் ஓரளவு நல்ல ஈரல் என்று இருப்பவர்களுக்குத்தான் இது. பருமன் நிறையக் குறையும். அதே தொகுப்பில் நூறில் 86 பேருக்கு சுகம் கிடைத்தது. ஆனால் பாதிப் பேருக்குச் சிக்கல் வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கட்டிகள் மறுபடி வளர்ந்தன. இன்னொரு சங்கடம், வயிற்றுக்குள் தழும்பு ஒட்டிக்கொள்வதால், பின்னால் ஈரல் மாற்று செய்ய நேர்ந்தால் அது கடினமாகும். பெரிய ஆபரேஷன் இது. இதில் பழக்கப்பட்ட ஈரல் அறுவை நிபுணர் இருக்கும் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

5. ஈரல் மாற்று. நோய் அடியோடு போக இது ஒன்றுதான் வழி. ஈரல் முழுக்கக் கட்டியாகி, சாப்பிட முடியாமல் உடம்பு உருகிப்போனவர்களுக்குச் செய்கிறார்கள். சிறுநீரகமும் செயலிழந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவார்கள். நல்ல மையங்களில் மாற்று செய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் ஆபரேஷனே பெரிய ஆபத்து. ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தொற்று எளிதில் வரும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஈரல் வேலை செய்யும் அளவை வைத்துத்தான் காத்திருப்போர் வரிசை போடுகிறார்கள். இந்த நோயில் ரத்தப் பரிசோதனை நன்றாகவே இருப்பதால், எவ்வளவு சிரமப்பட்டாலும் வரிசையில் பின்னால் நிற்க நேரும். அதனால் தங்கள் நிலையைத் தனியாக எடுத்துச் சொல்லச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் ஈரலில் பாதி தர முன்வந்தால், அவருக்கும் இதே பரம்பரை நோய் இருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். "அம்மாவுக்கு நான் தரேன்" என்று மகள் வந்து நிற்பாள். அவளுக்கே கட்டி இருந்தால்?

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

நம்மில் பலர் டாக்டர் முன்னால் வாயைத் திறப்பதில்லை. வங்கி மேலாளரிடம் கேள்வி கேட்கப் பழகிவிட்டோம், இதற்கு மட்டும் ஏன் கூச்சம்? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

• என் தொந்தரவுக்கு இந்தக் கட்டிதான் காரணமா?
• இப்போது ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?
• என் கட்டிகள் இருக்கும் இடத்துக்கு எந்த முறை பொருந்தும்?
• மறுபடி வளர எவ்வளவு வாய்ப்பு?
• இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
• என் சிறுநீரகம் ஆபரேஷனைத் தாங்குமா?
• எத்தனை நாள் படுக்கை, எப்போது வேலைக்குப் போகலாம்?

ஒருவர் "உடனே அறுக்கணும்" என்றால், காய்ச்சல், கடும் வலி போன்ற அவசரம் இல்லாதவரை இன்னொரு டாக்டரிடம் கேட்க நேரம் இருக்கிறது.

பணத்துக்கு வழி

கடன் மனு எழுதும் முன்பு காப்பீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முன்பு தகுதி இல்லை என்று திரும்பி வந்தவர்கள் மறுபடி கேட்கலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சைக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஈரல் மாற்றுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. விவரம் வேண்டுமானால் 104 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அக்காவிடம் அட்டை பெட்டிக்குள் இருந்தது. தனியார் இடத்துக்குப் போனபோது யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. அரசு மருத்துவமனையில் அந்த அட்டையிலேயே எல்லாம் நடந்தது. முடிவில் குழுவில் அவர் வாங்கிய கடன், துணைக்கு வந்தவருக்குச் சாப்பாடு, பஸ் செலவு, வேலை இழந்த நாட்கள் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய். கேட்டதில் எட்டில் ஒரு பங்கு.

செய்யக்கூடாதவை

வலி என்றதும் மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ப்ரூஃபென் வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகத்திலும் கட்டி உள்ளவர்களுக்கு அது கெடுதல். "கட்டியைக் கரைக்கும்" என்று சொல்லும் லேகியம், பஸ்பம் எதற்கும் இந்தக் கட்டியைக் கரைக்கும் சக்தி நிரூபிக்கப்படவில்லை. அவற்றில் உலோகம் கலந்திருந்தால் சிறுநீரகம் பழுதாகும். வயிற்றில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை. அக்காவின் அம்மாவும் வயிறு பெருத்து, கடைசியில் சிறுநீரகம் பழுதாகி இறந்தவர்தான். அப்போது "மகோதரம்" என்று விட்டுவிட்டார்கள். இப்போது அக்காவின் பெரிய மகளுக்கு ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் கட்டிகள் தெரிந்தன. 26 வயதிலேயே ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. சின்ன வயதிலேயே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் சிறுநீரகம் நீண்ட நாள் தாங்கும். ஆபரேஷனைவிட இதுதான் பெரிய லாபம் என்கிறார் அக்கா.

இதைச் சொன்னால் மகள் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று அவர் முதலில் பயந்தார். மறைத்து வைத்து என்ன காண்போம்? குழுவில் ஒருவர் சொன்னதை மற்றவர்கள் வெளியே வம்பு பேசாமல் காப்பதும் நம் பொறுப்பு.

அக்கா எடுத்த முடிவு

ஸ்கேனில் முன்பக்கம் ஐந்து பெரிய கட்டிகள், மற்றவை எல்லாம் சிறியவை. கிரியாட்டினின் சரியாக இருந்தது. கூரை திறக்கும் ஆபரேஷன் பொருந்தும் என்றார்கள். "பத்து வருஷம் உத்தரவாதம் தர முடியாது. மறுபடி வளரலாம்" என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அக்கா இரண்டு நாள் யோசித்தார். "வளர்ந்தா வளரட்டும். அதுவரைக்கும் வயிறாற சாப்பிட்டு, குனிஞ்சு நிமிந்து என் வேலையை நானே பார்த்துக்குவேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நீர் வடிவது உடனே நிற்கவில்லை. வடிகுழாயை ஒன்பதாம் நாள்தான் எடுத்தார்கள். அந்த ஒன்பது நாளும் நாங்கள் முறை போட்டுத் துணைக்கு இருந்தோம். இப்போது பத்து மாதம் ஆகிறது. ஆடுகளை அவரே ஓட்டிப் போகிறார். பின்பக்கம் இருந்த சிறு கட்டிகள் கொஞ்சம் வளர்ந்திருப்பதாகக் கடைசி ஸ்கேனில் தெரிகிறது. அது அவருக்கும் தெரியும். வருடம் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். கட்டி எங்கே இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, தொந்தரவு எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் முடிவு. செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் நோயாளியின் உரிமை. ஆனால் விவரம் தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

சகோதரிகளே, இதை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். உங்கள் ஊரில் காரணம் தெரியாமல் வயிறு பெருத்து, வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண் யாராவது இருந்தால், அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். ஒரு ஸ்கேனுக்கு அவரோடு கூடப் போங்கள்.